பொடி எழுத்தில் வரும் டெல்லி

2020 டிசம்பர் 8, செவ்வாய்க்கிழமை. சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் மாதம். அன்றைக்கு டி.வி. போட்டவர்கள் பார்த்தது டெல்லி எல்லையைத்தான். 3 வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாய சங்கங்கள் நாடு முழுக்க பந்த் அறிவித்திருந்த நாள் அது. சிங்கு, திக்ரி எல்லைகளில் வரிசையாக நின்ற டிராக்டர்கள், கூடாரங்கள், தலைவர்களின் பேட்டி என்று பகல் முழுக்க அதே பேச்சு.

அதே நாளில், அதே டெல்லியில், சேலம் மாவட்ட விவசாயிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சென்னை – சேலம் எட்டு வழிச் சாலை வழக்கு. மலையடிவாரத்துக் குடும்பங்கள் இரண்டரை வருடமாகத் தூக்கம் கெட்டுக் காத்திருந்த தீர்ப்பு. அது பலருக்கும் வந்து சேர்ந்தது ஒரே வரியாக: ‘எட்டு வழிச் சாலைக்குத் தடை இல்லை.’

அந்த ஒரு வரியில் பொய் இல்லை. ஆனால் பாதி இல்லை. விட்டுப்போன பாதியில்தான் விவசாயியின் பட்டா இருந்தது.

சாலை வந்த வழி

2017 அக்டோபரில் மத்திய அமைச்சரவை பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் கீழ் 2018 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டதுதான் எட்டு வழிச் சாலை. நீளம் 277.3 கி.மீ. மதிப்பீடு சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் ஆகிய 5 மாவட்டங்கள் வழியாகப் பாதை குறித்தார்கள்.

தர்மபுரிப் பக்கமிருந்து வரும் பாதை மஞ்சவாடி கணவாயில் சேலம் மாவட்டத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து சேர்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி ஆச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், ராமலிங்கபுரம் என்று இறங்கி, நிலவாரப்பட்டி, பூலாவரி வழியாக அரியானூருக்குப் போகிறது. தென்னை, பாக்கு, மஞ்சள், மரவள்ளி, பூச்செடி என்று கிணற்றுத் தண்ணீரில் பிழைக்கும் ஊர்கள் இவை. ஏற்காட்டுக்குப் போகும் இரண்டாவது மலைப்பாதை குப்பனூரில்தான் தொடங்குகிறது. மலையில் விளையும் மிளகும் பலாவும் காபியும் அந்த வழியாகவும் கீழே இறங்குகின்றன. குப்பனூரில் நிலம் போனால் அது மலைக்காரருக்கும் அடுத்த வீட்டுச் சாவு.

2018 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு நிலம் அளந்து கல் நட்டார்கள். பயண நேரம் பாதியாகக் குறையும், தொழில் வரும், ராணுவத் தளவாட உற்பத்திக்கு உதவும் என்று அரசு சொன்னது. சோறு போடும் நிலம் போகிறது என்று விவசாயிகள் சொன்னார்கள். இந்த இரண்டு பேச்சும் செய்தியில் வந்தன. ‘வளர்ச்சியா, விவசாயமா?’ என்ற பட்டிமன்றமும் பல இரவு நடந்தது. ஆனால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நிலத்தை எடுக்கிறார்கள், ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் இருக்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும் என்ற 3 விஷயங்களைத் தெரிந்துகொள்ள அந்தப் பட்டிமன்றங்கள் அதிகம் உதவவில்லை.

கேமரா திரும்பிய நேரங்கள்

நடிகர் மன்சூர் அலிகானும் சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் 2018 ஜூனில் கைதானபோது தமிழ் சேனல்கள் சேலத்தையே சுற்றின. செப்டம்பர் 8 அன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் விவசாயிகளைப் பார்க்கப் போன யோகேந்திர யாதவைப் போலீஸ் தடுத்து வைத்தது. டெல்லியில் அறிமுகமான முகம் என்பதால் அன்றைக்கு ஆங்கில, இந்தி சேனல்களும் செங்கம் என்ற பெயரைச் சொன்னன.

கைது செய்தியாவது தவறில்லை. ஆனால் கைதானவர் வெளியே வந்ததும் கேமராவும் போய்விடுகிறது. வயலில் நட்ட கல் அங்கேயே இருக்கிறது. நிலக்காரருக்குச் செய்தி தொடங்குவதே அப்போதுதான். சொசைட்டியில் பயிர்க்கடன் கிடைக்குமா, புதுக் கிணறு வெட்டலாமா, தென்னங்கன்று வைக்கலாமா, பெண் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்க நினைத்தால் வாங்க ஆள் வருமா? இதற்கெல்லாம் விவாத மேடை கிடையாது.

தேர்தல் வந்தபோது கதை இன்னும் திசை மாறியது. இந்தச் சாலையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர்களில் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸும் ஒருவர். 2019 பிப்ரவரியில் அவருடைய கட்சி, சாலையைக் கொண்டுவந்த பா.ஜ.க.வோடும் அதற்கு நிலம் அளந்து கொடுத்த அ.தி.மு.க.வோடும் கூட்டணி சேர்ந்தது. ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் டி.எஸ்.சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18. இடையில் இருந்த 10 நாளும் இந்தத் தீர்ப்பால் எந்தக் கூட்டணிக்கு லாபம், எதற்கு நஷ்டம் என்றே கணக்குப் போட்டார்கள். பதிவேட்டில் மாற்றிய பெயர்களை 8 வாரத்துக்குள் பழையபடி திருத்தச் சொன்ன உத்தரவும் அதே தீர்ப்பில் இருந்தது. அந்த 8 வாரத்தைத் தேதி போட்டு எண்ணிப் பார்த்த சேனல் எது?

ஊரே ஒதுக்கிப் படிக்கும் பக்கம்

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் வருடச் சட்டத்தின்படி. அதன் படிகள் கடினமானவை அல்ல.

முதலில் 3-ஏ அறிவிக்கை. ‘இந்த நிலத்தை எடுக்க அரசு நினைக்கிறது’ என்பது மட்டும்தான் அதன் பொருள். இது மத்திய அரசிதழில் வரும். அதன் சாரத்தை உள்ளூரில் ஓடும் 2 செய்தித்தாள்களில் போட வேண்டும்; அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது வந்த பிறகு அதிகாரிகள் நிலத்துக்குள் வந்து அளக்கலாம், கல் நடலாம்.

அடுத்தது 3-சி. நிலத்தில் பாத்தியதை உள்ளவர் 21 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதை விசாரிக்கும் அதிகாரி, மனுதாரரையோ அவருடைய வக்கீலையோ நேரில் கேட்டு உத்தரவு போட வேண்டும்.

அதற்குப் பிறகு 3-டி. இந்த அறிவிக்கை வெளியான பிறகே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிறது. 3-ஏ வந்த ஒரு வருடத்துக்குள் 3-டி வராவிட்டால் 3-ஏ செல்லாது. நீதிமன்றத் தடை இருந்த காலம் மட்டும் அந்த ஒரு வருடக் கணக்கில் சேராது. அதற்கும் பிறகுதான் இழப்பீடு நிர்ணயம். அப்போதும் 2 செய்தித்தாள்களில் அறிவிப்புக் கொடுத்துக் கோரிக்கைகளைக் கேட்க வேண்டும்.

ஆக, டெல்லி ஒரு விவசாயியிடம் நேராகப் பேசும் இடம் செய்தித்தாளில் இருக்கிறது. அது முதல் பக்கம் அல்ல. உள்ளே, ஏல அறிவிப்புக்கும் டெண்டருக்கும் நடுவில், சர்வே நம்பர்கள் வரிசையாக அடுக்கிய பொடி எழுத்து விளம்பரம். அதை வடை மடிக்கும் தாளாகப் பார்த்துப் பழகிவிட்டது ஊர். முதல் பக்கத்தில் எந்தத் தலைவர் எந்தத் தலைவரை என்ன சொன்னார் என்பதைப் படித்துத் தேநீர்க் கடையில் வாதாடி முடிப்பதற்குள் 21 நாள் ஓடிப்போகிறது.

இதில் கட்சி வித்தியாசமும் பெரிதாக இல்லை. 2013-ல் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி புதிய நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. திட்டத்தால் ஊருக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆய்வு செய்து ஊராரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது அதன் நல்ல பகுதி. ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் அட்டவணை 13 சட்டங்களுக்கு விலக்குத் தந்தது. நெடுஞ்சாலைச் சட்டம் அதில் ஒன்று. பிறகு வந்த பா.ஜ.க. ஆட்சியில் இழப்பீட்டுப் பகுதியும் மறுவாழ்வுப் பகுதியும் மட்டும் 2015 ஜனவரி 1 முதல் நெடுஞ்சாலைக்கும் பொருந்தும் என்றானது. ஊராரைக் கேட்கும் ஆய்வு இன்றைக்கும் பொருந்தாது. ஒரு கட்சி கதவைத் திறந்து வைத்தது, அடுத்த கட்சி அதன் வழியாகச் சாலை போட வந்தது. திரையில் இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.

தீர்ப்பில் விட்டுப்போன பாதி

2020 டிசம்பர் 8 தீர்ப்புக்கு வருவோம். நீதிபதி ஏ.எம்.கான்வில்கர் தலைமையிலான 3 நீதிபதிகள் அமர்வு அதை வழங்கியது. 3-ஏ அறிவிக்கை போடும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்ற உயர் நீதிமன்றத்தின் கருத்தை அது ஏற்கவில்லை. ‘நினைக்கிறோம்’ என்று சொல்வதற்கு அனுமதி தேவையில்லை, வேலையைத் தொடங்கும் முன்பு அனுமதி கட்டாயம் வேண்டும் என்பது அதன் முடிவு. அந்த அளவில் மத்திய அரசுக்கு வெற்றி. தலைப்புச் செய்தி அதைத்தான் சொன்னது.

மறுபாதி இது. வெறும் 3-ஏ அறிவிக்கையை வைத்து வருவாய்ப் பதிவேட்டில் விவசாயியின் பெயரை மாற்றியது சட்டத்துக்குப் புறம்பு. அந்தப் பதிவுகளை ரத்து செய்து பழைய பெயர்களையே திரும்பப் போட வேண்டும். இந்த விஷயத்தில் உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் அப்படியே ஏற்றது.

இதன் அர்த்தம் என்ன? திட்டம் அடியோடு ரத்தாகவில்லை. ஆனால் நிலமும் கைமாறவில்லை. ‘நிலம் போயிடுச்சு’ என்று பயந்தவரும் ‘ஜெயிச்சாச்சு’ என்று பட்டாசு வெடித்தவரும் பாதித் தீர்ப்பையே கேட்டிருந்தார்கள். பயந்து அடிமாட்டு விலைக்கு விற்றால் நஷ்டம். ஜெயித்துவிட்டோம் என்று பதிவேட்டைப் பார்க்காமல் விட்டாலும் நஷ்டம். அந்த ஒரு வரிச் செய்தி இரண்டு பேருக்கும் உதவவில்லை.

டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்தவர்கள் 2021 நவம்பரில் சட்டங்களைத் திரும்பப் பெறவைத்தார்கள். ஒரு வருடம் கேமரா அவர்களை விட்டு முழுதாக நகரவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். மஞ்சவாடியும் குப்பனூரும் டெல்லியிலிருந்து அவ்வளவு தூரம். அங்கே ஒரு வருடம் நிற்க எந்தக் கேமராவும் வராது. ஆகவே காகிதத்தைத்தான் நம்ப வேண்டும்.

மலைமேல் வரும் சட்டங்கள்

ஏற்காடு செய்தியில் வருவது மே மாதக் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் கொண்டை ஊசி வளைவில் நிற்கும் கார் வரிசைக்கும்தான். 2013 டிசம்பர் 4 இடைத்தேர்தலின்போது சில வாரம் அமைச்சர்களும் மைக்குகளும் மலையேறி வந்தார்கள். முடிவு வந்ததும் இறங்கிப் போனார்கள்.

மலையைத் தொடும் டெல்லிச் சட்டங்கள் அப்படி மேளதாளத்தோடு வருவதில்லை. 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்குப் புது வரைவு வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும். அரசியல் சட்டத்தின் 8-ஆவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. ஒரு மொழிபெயர்ப்பைத் தவிர்க்க அவ்வளவு தூரம்.

2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம். ஜூலை 26 அன்று மக்களவையிலும் ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மணிப்பூர்க் கொடுமைக்காக நாடாளுமன்றம் கொந்தளித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மணிப்பூரைச் சேனல்கள் பேசியது சரியே. ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவில் எந்தச் சட்டம் கை தட்டித் தாண்டிப் போனது என்பதையும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அரசு தன் திட்டத்தின்படி காட்டில் அமைக்கும் உயிரியல் பூங்கா, சஃபாரி, சூழல் சுற்றுலா வசதிகளை இனி ‘காடு அல்லாத பயன்பாடு’ என்று கருத வேண்டாம் என்கிறது திருத்தம். சுற்றுலாவே பிழைப்பும் தலைவலியுமாக இருக்கும் மலைக்கு இது சின்ன விஷயமா? காடு என்றால் எது என்ற வரையறையும் சுருங்கியது. அதன்மேல் வழக்குப் போய், 1996 தீர்ப்பின் விரிந்த பொருளையே இப்போதைக்குப் பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. காபித் தோட்டத்தை ஒட்டிக் காடு வைத்திருப்பவர்களும், வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்டு நிற்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களும் நிறுத்திப் படிக்க வேண்டிய வரிகள் இவை.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல். ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்குக் கள்ளக்குறிச்சித் தொகுதியைச் சேர்ந்தது. மலையடிவாரத்து ஊர்களும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதிக்குள் இருப்பதால் அவற்றின் எம்.பி.யும் அவரே. அரியானூர்ப் பக்கம் போனால் சேலம் எம்.பி. ஒரே சாலைக்கு இரண்டு எம்.பி. மனு எழுதும்போது முகவரி தவறினால் மனு அலைந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

எட்டு வழிப் பாதையில் சர்வே நம்பர் வந்தவர்கள் தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் தங்கள் பட்டா, சிட்டாவைப் பார்த்துவிடலாம். பிள்ளைகளின் செல்போனிலேயே முடியும். இல்லையென்றால் இ-சேவை மையம். பெயர் மாறியிருந்தால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டுத் தாசில்தாருக்கு மனு கொடுத்து, கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டுப் பார்ப்பது நல்லது.

தன் சர்வே நம்பருக்கு 3-டி அறிவிக்கை வெளியானதா, எந்தத் தேதியில் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே கேட்கலாம். நில எடுப்பு மாவட்ட வருவாய் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதைவிட உறுதியான செய்தி எந்தச் சேனலிலும் கிடைக்காது.

ஊரில் படித்த பிள்ளை ஒருவர் தினமும் செய்தித்தாளின் அறிவிப்புப் பக்கத்தை ஒரு முறை பார்க்கும் பழக்கம் வைக்கலாம். ஊர்ப் பெயரோ சர்வே நம்பரோ தென்பட்டால் வெட்டி, தேதி எழுதி, பால் சொசைட்டி சுவரில் ஒட்டலாம். 21 நாள் அறிவிக்கை வெளியான தேதியிலிருந்து ஓடுகிறது. பேப்பரில் சில நாள் தாமதமாகவும் வரலாம். அதனால் விளம்பரத்துக்குள் இருக்கும் அரசிதழ்த் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ‘எட்டு வழிச் சாலையை எதிர்ப்பீங்களா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘2013 சட்டத்தின் 4-ஆம் அட்டவணையிலிருந்து நெடுஞ்சாலைச் சட்டத்தை எடுக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசுவீங்களா?’ என்று கேட்டுப் பார்க்கலாம். தெரிந்தவர் யார், தலையாட்டுபவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

படித்தும் புரியாத அறிவிப்பு இருந்தால் அதன் நகலை, தேதியோடு, இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பலாம். ஆனால் பதில் அச்சாகி வரும்வரை ஆட்சேப மனுவை நிறுத்தி வைக்கக் கூடாது. இதழ் 15 நாளுக்கு ஒரு முறை வருகிறது. சட்டம் தருவது 21 நாள்தான்.